குறையடைவு

குறையடைவு என்பது ஒருவருக்கு இயல்பாக உள்ள திறனுக்கும், அவர் கல்வியிலோ வாழ்க்கையிலோ உண்மையில் எட்டும் நிலைக்கும் இடையே நீடித்துக் காணப்படும் இடைவெளி ஆகும். கல்வியியலில் "அடைவு" என்ற சொல் மாணவர் ஒருவர் கற்று எய்திய தேர்ச்சியைக் குறிக்கும். அத்தேர்ச்சி அவருடைய திறனைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க அளவிலும் குறைவாக இருப்பின் அவர் குறையடைவு மாணவர் எனப்படுவார். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைவது குறையடைவு ஆகாது. பல பருவங்களாகவும் பல பாடங்களிலும் தொடரும் இடைவெளியே இச்சொல்லால் சுட்டப்படுகிறது.

இக்கருத்து உளவியல், கல்வியியல், பொருளியல், சமூகவியல் ஆகிய துறைகளில் பயன்படுகிறது. குறையடைவுக்கு மாணவரின் முயற்சிக் குறைவே காரணம் என்னும் பார்வையும், அவருக்கு வாய்த்த பள்ளி, வீடு, மொழி, சமூகம் ஆகியனவே காரணம் என்னும் பார்வையும் நெடுங்காலமாக எதிரெதிராக நின்று வருகின்றன. தமிழ்நாட்டில் திருத்தணி போன்ற எல்லையோர ஊர்களின் வரலாறு இவ்விரு பார்வைகளையும் சோதித்துப் பார்க்க உதவுகிறது.

சொல்லும் பொருளும்

குறையடைவு மாணவரும் மெல்லக் கற்கும் மாணவரும் ஒருவர் அல்லர். மெல்லக் கற்கும் மாணவர் ஒரு பாடத்தைக் கற்க மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் எடுத்துக்கொள்பவர். அவர் தம் திறனுக்கு ஏற்ற அளவில் கற்றுக்கொண்டும் இருக்கலாம். குறையடைவு மாணவரோ விரைந்து கற்கக்கூடியவராகவும் இருக்கலாம். ஆயினும் கற்றது தேர்விலோ செயலிலோ வெளிப்படுவதில்லை. இதனால் வகுப்பில் முதன்மை மதிப்பெண் பெறுபவர்களிடையேயும் குறையடைவு இருக்கக்கூடும். எழுபது மதிப்பெண்ணுடன் நிறைவடையும் மாணவர் தொண்ணூற்றைந்து பெறக்கூடியவர் என்பதை எவரும் கவனிக்காமல் விட்டுவிடுவது வழக்கமாகும். தோல்வி அடைபவர் மட்டுமே கவனிக்கப்படுவதால் இவ்வகையினர் கணக்கில் வருவதில்லை.

கணிக்கும் முறை

குறையடைவைக் கணிக்க இரண்டு அளவீடுகள் தேவைப்படுகின்றன. ஒன்று திறனை அளக்கும் நுண்ணறிவுத் தேர்வு. மற்றொன்று கற்றதை அளக்கும் அடைவுத் தேர்வு. முதல் அளவீட்டைக் கொண்டு ஒருவர் பெறக்கூடிய மதிப்பெண் புள்ளியியல் முறையில் மதிப்பிடப்படுகிறது. அவர் உண்மையில் பெற்ற மதிப்பெண் அதனினும் கணிசமாகக் குறைந்திருந்தால் குறையடைவு எனக் கொள்ளப்படும்.

இம்முறையின் குறைகளை அமெரிக்க உளவியலாளர் இராபர்ட் எல். தார்ன்டைக் 1963 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இரு தேர்வுகளிலும் அளவீட்டுப் பிழை இருப்பதால், இடைவெளியின் ஒரு பகுதி அப்பிழையால் மட்டுமே தோன்றலாம். முதல் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் அடுத்த தேர்வில் சராசரியை நோக்கி இறங்குவது புள்ளியியல் இயல்பாகும். அதைச் சோம்பல் எனக் கருதிவிடக் கூடாது. மேலும், நுண்ணறிவுத் தேர்வுகளே மொழி, வீட்டுச் சூழல் ஆகியவற்றால் பாதிக்கப்படுவதால், ஏழை மாணவர்களின் திறன் தொடக்கத்திலேயே குறைத்து மதிப்பிடப்படும் ஆபத்து உள்ளது.

காரணங்கள்

குறையடைவுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

- உடல்சார்ந்தவை: பசி, இரத்தசோகை, கண்டறியப்படாத பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, உறக்கமின்மை.
- கற்றல்சார்ந்தவை: டிஸ்லெக்சியா எனப்படும் வாசித்தல் குறைபாடு, கணிதக் கற்றல் குறைபாடு, கவனக்குறைவு.
- உளம்சார்ந்தவை: தோல்வி அச்சம், தன்னம்பிக்கைக் குறைவு, மனச்சோர்வு, பிழையின்றிச் செய்ய முடியாவிட்டால் செய்யாமலே விடும் போக்கு.
- வீடுசார்ந்தவை: வறுமை, வேலைக்குச் செல்லும் கட்டாயம், இளவயதுத் திருமணம், பெற்றோரின் அளவுமீறிய எதிர்பார்ப்பு, விருப்பமில்லாத பாடப்பிரிவில் சேர்த்தல்.
- பள்ளிசார்ந்தவை: வகுப்பின் தரத்துக்கும் மாணவரின் நிலைக்கும் பொருத்தமின்மை, அறியாத பயிற்றுமொழி, ஆசிரியரின் குறைந்த எதிர்பார்ப்பு.
- சமூகம்சார்ந்தவை: சாதி, பால், மொழி ஆகியவற்றை முன்னிட்ட பாகுபாடு.

இவற்றுள் ஒன்று மட்டும் தனித்துச் செயல்படுவது அரிது. கரும்பலகை தெரியாத மாணவர் பாடத்தில் பின்தங்குகிறார். பின்தங்கியதால் ஏளனத்துக்கு ஆளாகிறார். ஏளனத்துக்கு அஞ்சிக் கேள்வி கேட்பதை நிறுத்துகிறார். சில ஆண்டுகளில் கண்ணாடி அணிவித்தால் மட்டும் தீராத சிக்கலாக அது வளர்ந்துவிடுகிறது.

முக்கிய ஆய்வுகள்

டெர்மனின் ஆய்வு

அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921 இல் கலிபோர்னியாவில் மிக உயர்ந்த நுண்ணறிவு ஈவு கொண்ட 1,500க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைத் தெரிவுசெய்து, அவர்கள் வாழ்வைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். பின்னாளில் அவர்களுள் வாழ்வில் மிகவும் முன்னேறிய 150 ஆண்களும் மிகவும் பின்தங்கிய 150 ஆண்களும் ஒப்பிடப்பட்டனர். 1947 இல் வெளியான இதன் முடிவுகளின்படி, இரு பிரிவினரின் நுண்ணறிவில் பெரிய வேறுபாடு இல்லை. விடாமுயற்சி, குறிக்கோளில் உறுதி, தன்னம்பிக்கை ஆகியவற்றில் வேறுபாடு இருந்தது. முன்னேறியவர்களின் பெற்றோர் கூடுதலாகப் படித்தவர்களாகவும் இருந்தனர். எனவே தனிமனிதப் பண்பும் குடும்பப் பின்னணியும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தன.

இத்தெரிவில் போதிய ஈவு பெறாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லி (1956), லூயிஸ் ஆல்வாரெஸ் (1968) ஆகிய இருவரும் பின்னர் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். திறனை முன்கூட்டியே அளந்துவிட முடியும் என்ற நம்பிக்கையின் எல்லையை இது காட்டுகிறது.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு

இராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகியோர் 1968 இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்கள் விரைவில் மலரப் போகிறவர்கள் என ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அம்மாணவர்கள் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டவர்கள். ஆண்டு முடிவில் அவர்களுள் சிலர், குறிப்பாக இளைய வகுப்பினர், கூடுதல் முன்னேற்றம் காட்டினர். இவ்வாய்வின் முறை பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. எதிர்பார்ப்பின் விளைவு முதலில் கருதப்பட்டதைவிடச் சிறியது என்பதே பிற்கால ஆய்வுகளின் பொதுவான முடிவாகும்.

சாதி அடையாளமும் செயல்திறனும்

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006 இல் வெளியானது. உயர்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 மாணவர்களும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 மாணவர்களும் இதில் பங்கேற்றனர். அனைவருக்கும் சிக்கலான வழிகளில் பாதை கண்டறியும் புதிர்கள் அளிக்கப்பட்டு, விடைகளுக்குப் பணம் வழங்கப்பட்டது. சாதி அறிவிக்கப்படாதபோது இரு பிரிவினரும் ஒத்த அளவில் புதிர்களை விடுவித்தனர். ஒவ்வொருவரின் சாதியும் அனைவர் முன்னிலையில் அறிவிக்கப்பட்டபோது தாழ்த்தப்பட்ட மாணவர்களின் செயல்திறன் குறைந்தது. மாணவரும் புதிரும் மாறாமலே, சூழல் மட்டும் மாறியதால் அடைவு குறைந்ததை இவ்வாய்வு காட்டியது. குறையடைவை மாணவரின் குணமாக மட்டும் காண்பதற்கு எதிரான வலுவான சான்றுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

திருத்தணி வட்டாரம்

திருத்தணி, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டி அமைந்த மலைக்கோயில் நகரம். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான இவ்வூர், மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், 1959 ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் இங்கு நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன.

மொழி

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் வழங்கும்போது, பாடத்தின் கடினம் மொழியின் கடினத்தால் இரட்டிக்கிறது. தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வரும் சிறுவர் கணக்கை அறிந்திருந்தும் வினாவை விளங்கிக்கொள்ளாமல் பிழை செய்யலாம். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இது 2015–16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்குத் தமிழ்த்தாளிலிருந்து விலக்கு கோரி நீதிமன்ற வழக்குகள் நடைபெற்றன. மாநில மொழியைக் கற்பதனால் மாணவருக்கு வேலையிலும் உயர்கல்வியிலும் கிடைக்கும் பயன் ஒருபுறமும், போதிய தமிழாசிரியர் இன்றித் தேர்வு எழுத நேர்ந்தால் ஏற்படும் குறையடைவு மறுபுறமும் இவ்வழக்குகளில் எதிரெதிராக நின்றன.

தொழில்

திருத்தணியைச் சுற்றியுள்ள பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர். கே. பேட்டை ஆகிய ஊர்களில் நெசவும் விசைத்தறியும் முக்கியத் தொழில்களாகும். குடும்பமே கூடிச் செய்யும் தொழில் என்பதால் நூல் சுற்றுதல் போன்ற துணை வேலைகள் எளிதில் பிள்ளைகளிடம் சென்று சேர்கின்றன. மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து பருவகாலத்தில் குடிபெயர்ந்து வரும் தொழிலாளர்களின் பிள்ளைகள், கல்வியாண்டின் நடுவில் ஊரும் மொழியும் மாறுவதால் இரு இடங்களிலும் பின்தங்குகின்றனர். இவர்களிடம் காணப்படுவது முயற்சிக் குறைவன்று. கற்கும் நேரத்தின் குறைவே ஆகும்.

இராதாகிருஷ்ணனும் ம. பொ. சி.யும்

திருத்தணியுடன் தொடர்புடைய இருவரின் வாழ்க்கை, திறனுக்கும் வாய்ப்புக்கும் உள்ள உறவை இருவேறு வகையில் காட்டுகிறது.

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை உள்ளூர் சமீன் வருவாய்ப் பணியில் கீழ்நிலை அலுவலராக இருந்தவர். திருத்தணியில் தொடக்கக் கல்வி பெற்ற இவர், திருப்பதி, வேலூர் ஆகிய ஊர்களில் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்வி முழுவதும் உதவித்தொகையைச் சார்ந்தே நடந்தது. படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் மெய்யியல் பாடநூல்களைக் கொடுத்ததே இவர் மெய்யியலைத் தெரிவு செய்யக் காரணமாயிற்று. பின்னாளில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். இவரது பிறந்த நாள் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. உதவித்தொகையும் இரவல் நூல்களும் இல்லாதிருப்பின் இத்திறன் எங்கு நின்றிருக்கும் என்பது கல்வியியலாளர் எழுப்பத்தக்க வினாவாகும்.

திருத்தணி இணைப்புக்குப் பாடுபட்ட ம. பொ. சிவஞானம் (1906–1995) சென்னையில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்புடன் இவரது பள்ளிக் கல்வி நின்றது. கூலி வேலைகள் செய்தபின் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகப் பணியாற்றினார். சொந்த முயற்சியால் சிலப்பதிகார அறிஞராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்து, வள்ளலாரைப் பற்றிய நூலுக்காக 1966 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பள்ளிப் பதிவேட்டின்படி இவர் இடைநின்ற மாணவர் மட்டுமே.

இத்தகைய வரலாறுகளைக் கொண்டு, முயன்றால் எவரும் உயரலாம் என்ற முடிவுக்கு வருவது பொருந்தாது. மூன்றாம் வகுப்புடன் நின்று, அச்சகத்திலும் தறியிலும் வாழ்நாளைக் கழித்த பலருடைய திறன் எவராலும் பதிவு செய்யப்படவில்லை. விதிவிலக்கு ஒருவர் அறியப்படுவது, அறியப்படாத பலர் இருந்ததற்கும் சான்றாகிறது.

இராமானுசன்

திறனுக்கும் தேர்வு முறைக்கும் உள்ள பொருத்தமின்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கணித மேதை சீனிவாச இராமானுசன் (1887–1920) கூறப்படுகிறார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் 1904 இல் கணிதப் பரிசு பெற்ற இவர், உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே முழுமையாக ஈடுபட்டதால் பிற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். 1905 இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எப்.ஏ. தேர்வில் 1906 இலும் 1907 இலும் தோல்வியுற்றார்.

1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். கேம்பிரிட்ச் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு 1913 இல் எழுதிய கடிதத்தின் பின்னரே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1918 இல் அரச கழக உறுப்பினரானார். 32ஆம் வயதில் காலமானார். பட்டம் பெறாத ஒருவருக்கு விதியைத் தளர்த்தி உதவித்தொகை அளிக்கச் சிலர் முன்வந்ததே இங்குத் திருப்புமுனையாகும்.

வாழ்வில் குறையடைவு

பள்ளிக்கு வெளியே குறையடைவு பெரும்பாலும் தகுதிக்குக் குறைந்த வேலையாக வெளிப்படுகிறது. 2019 இல் தமிழ்நாடு சட்டப்பேரவைச் செயலகத்தின் 14 துப்புரவுப் பணியிடங்களுக்குப் பொறியியல் பட்டதாரிகள், முதுகலைப் பட்டதாரிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். இங்குக் குறைவு பட்டதாரிகளின் அடைவில் இல்லை. அவர்களுக்கேற்ற வேலைவாய்ப்பில் உள்ளது. எனவே பொருளியலாளர் இதனைக் குறை வேலைவாய்ப்பு என்னும் தனிக் கருத்தாகக் கொள்கின்றனர்.

இன்னொரு வகை, தன் விருப்பத்தை விட்டுக் குடும்பம் தெரிவு செய்த துறையில் நுழைந்து, அதில் நிலைக்காமல் நிற்பதாகும். பொறியியல், மருத்துவம் ஆகிய இரண்டையே வெற்றியாகக் காணும் வழக்கம், வரலாறோ ஓவியமோ இயந்திரப் பழுதுநீக்கமோ நன்கு வரக்கூடிய ஒருவரைத் தோற்றவராகக் காட்டிவிடுகிறது. பெண்களிடையே, படிப்பில் முன்னின்றும் திருமணத்தாலும் இல்லப் பொறுப்பாலும் வேலையைத் தொடர இயலாமல் போவது பரவலாகக் காணப்படுகிறது. இதைத் தனிநபரின் குறையடைவாகக் கணக்கிடுவதில்லை. பழக்கத்தால் இயல்பானதாகக் கருதிவிடுகின்றனர்.

தீர்வு முயற்சிகள்

உணவு: காமராசர் ஆட்சியில் 1956 இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவலாக்கப்பட்டது. 1982 இல் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

நிலைக்கேற்ற கற்பித்தல்: மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய மாணவர்களுக்கு உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைத் திறன்களைக் கற்பித்த திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் ஆராய்ந்தனர். 2007 இல் வெளியான முடிவுகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் காட்டின. பானர்ஜியும் டூஃப்லோவும் 2019 இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது.

இழப்பை மீட்டல்: கோவிட் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறுவர்களை ஆராய்ந்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டதாகவும், அம்மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கண்டது. பின்தங்கல் நிலையானது அன்று என்பதற்கு இது சான்றாகிறது.

வாய்ப்பு: அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 இல் வழங்கப்பட்டது. மதிப்பெண் மட்டும் திறனைக் காட்டாது என்னும் கருத்தே இதன் அடிப்படையாகும். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர் உயர்கல்வி பெற மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், ஆசிரியர் நாளான 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது.

கற்றல் குறைபாடு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றது. இத்தகைய மாணவர்களுக்குப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் வழங்கப்படுகின்றன. 2007 இல் வெளியான தாரே சமீன் பர் என்னும் இந்தித் திரைப்படம் இக்குறைபாட்டைப் பொதுமக்கள் அறியச் செய்தது.

திறனாய்வு

குறையடைவு என்னும் கருத்தின் மீது மூன்று திறனாய்வுகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, "திறன்" என்பது நேரடியாகக் காணத்தக்கது அன்று. அதுவும் ஒரு தேர்வின் வழியாகவே ஊகிக்கப்படுகிறது. இரண்டாவது, இப்பெயர் சூட்டப்பட்ட மாணவர் அதையே தம் இயல்பாக ஏற்றுக்கொள்ளக்கூடும். "இவனுக்கு மூளை இருக்கிறது, படிப்பதில்லை" என்னும் கூற்று பாராட்டுப் போலத் தோன்றினும், காரணத்தைத் தேடும் பொறுப்பிலிருந்து பெரியவர்களை விடுவித்துவிடுகிறது. மூன்றாவது, ஒவ்வொருவரும் தம் திறன் முழுவதையும் வெளிப்படுத்தியே ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பே நெருக்கடியாக மாறக்கூடும். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் தரவரிசை வெளியிடும் வழக்கம் 2017 இல் கைவிடப்பட்டது, இந்நெருக்கடியைக் குறைக்கும் நோக்கிலாகும்.

இதனால் தற்காலக் கல்வியியலாளர் பலர், மாணவர் எவ்வளவு குறைவாக எட்டினார் என்பதற்கு மாறாக, அவர் எட்டுவதைத் தடுப்பது எது என்னும் வினாவைத் தொடக்கமாகக் கொள்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

- நுண்ணறிவு ஈவு
- கற்றல் குறைபாடு
- இடைநிற்றல்
- சத்துணவுத் திட்டம்
- வடக்கெல்லைப் போராட்டம்
- திருத்தணி